அழாத குழந்தையும் சொல்லாத சொல்லும்

உத்ஸவ மலருக்கு இவ்வாண்டும் ஒரு வ்யாஸம் எழுதித் தரவேண்டும் என்று கைங்கர்ய ஸபையார் பணித்தபோது, வாஹன ஸேவைகளின் தாத்பர்யத்தைப் பற்றி எழுதலாம் என்றே அடியேன் எண்ணியிருந்தேன். எழுதவும் தொடங்கினேன். இரண்டு பக்கங்களுக்குப் பிறகு கை ஓடவில்லை. பெருந்திரளாக வந்து ஸேவிக்கும் அன்பர்களுள் சிலர், தீர்த்தமும் திருத்துழாயும் பெற்றுக்கொண்ட பின்னும் நகராமல் நின்று, பின்னால் வருவோர் நெருக்குவதையும் பொருட்படுத்தாமல், தணிந்த குரலில் அர்ச்சகனிடம் ஏதேனும் கேட்பது உண்டு. இம்முப்பது ஆண்டுகளில் அப்படிக் கேட்கப்பட்டவற்றுள் ஒரு கேள்வி அடியேனை விடாமல் தொடர்ந்து வருகிறது. மங்களகரமான மலரில் துயரச் செய்தி எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். துயரம் உடையவர்களும் இம்மலரை வாங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்கிறார்கள் என்பதே அடியேனுடைய ஸமாதானம்.

2017-ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. கூட்டம் ஓய்ந்து நடை சாற்றும் நேரம். பக்கத்துக் கிராமத்திலிருந்து வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் த்வாரபாலகர் அருகே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மகள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். வலி எடுத்து நெடுநேரம் கழிந்து, அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அன்றிரவே வலிப்பு வந்தது. ஒரு வாரத்திற்குப் பின் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து, மூளையில் பாதிப்பு இருக்கிறது, அது மாறக்கூடியதன்று, குழந்தை பிழைத்திருக்கும், ஆனால் கைகால் அசைவிலும் பேச்சிலும் குறை இருக்கும், எவ்வளவு என்பதை இப்போதே அறுதியிட முடியாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார். கூறியது யாரிடம்? மாப்பிள்ளையிடமும் இப்பெரியவரிடமும் மட்டுமே. தாயிடம் ஒருவரும் சொல்லவில்லை. தையல் ஆறவில்லை, அழுதால் பால் வற்றிவிடும் என்று வீட்டுப் பெண்கள் தடுத்துவிட்டார்கள்.

“சாமி, முப்பதாம் நாள் புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு வர்றோம். நீங்க சடாரி வெச்சு, ஒரு குறையும் இல்லைம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். டாக்டர் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா” என்றார். சற்று நிறுத்தி, “நம்மாழ்வாரும் பொறந்தப்ப அழலைதானே சாமி?” என்றும் கேட்டார்.

அன்று குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். குருபரம்பரை அறிந்த அன்பர்களுக்கு அந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். பெரியவர் நாள் பார்த்தே வந்திருக்கிறார்.

அடியேனால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் சாஸ்த்ர விசாரம் அன்று. ஒரு பழைய குற்றம். 1999-ஆம் ஆண்டு, கைங்கர்யத்திற்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாளில், ஓர் இளம் தம்பதியர் நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கொணர்ந்தார்கள். தலை நிற்கவில்லை என்றார்கள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், போவதா வேண்டாமா என்றும் கேட்டார்கள். அடியேன் என்ன செய்தேன் தெரியுமா? சடாரி ஸாதித்து, “ஒன்றும் இல்லை, பெருமாள் ஓடவைப்பார்” என்றேன். அவர்கள் முகம் மலர்ந்ததைக் கண்டு அடியேனுக்கும் உள்ளம் நிறைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் கண்டேன். பயிற்சிக்குப் போகவில்லை, க்ஷேத்ரம் க்ஷேத்ரமாகப் போயிருக்கிறார்கள். குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னி இறுகிவிட்டிருந்தன. அவர்கள் அடியேனைக் கடிந்துகொள்ளவில்லை. “சாமி அன்னிக்குச் சொன்ன வார்த்தைதான் எங்களைத் தாங்கிச்சு” என்று கைகூப்பினார்கள். அந்தக் கைகூப்பு இன்றும் சுடுகிறது.

ஆகவே பெரியவரிடம், “ஒரு வாரம் பொறுங்கள் ஐயா, யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை தோறும் ஸேவிக்க வரும் குழந்தை மருத்துவ அம்மையார் ஒருவர் உண்டு. அவரிடம் இந்நோயின் தன்மையைக் கேட்டறிந்தேன். பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்குப் போகும் இரத்தமும் பிராணவாயுவும் குறைந்தால் மூளையின் நுண்ணணுக்கள் சில அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அழிவு ஆண்டுக்கு ஆண்டு பரவிக்கொண்டு போவதும் இல்லை. குழந்தையின் மூளை வளரும் மூளையாதலால், எஞ்சிய பகுதிகள் புதிய வழிகளைப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையவை. முதல் இரண்டு ஆண்டுகளில் தரும் பயிற்சிக்கு அதனால்தான் அத்தனை மதிப்பு. பிறந்தவுடன் குழந்தையின் நிறம், நாடி, மூச்சு முதலிய ஐந்தைப் பார்த்து மதிப்பெண் இடும் முறை ஒன்று உண்டு. வர்ஜீனியா ஆப்கர் என்னும் அமெரிக்க மருத்துவ மாது 1953-இல் வெளியிட்டது. அந்த மதிப்பெண் குறைவாக இருந்தது என்பதை மட்டும் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது என்றார். நம்மவர் ஜாதகம் கேட்பது போல அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு அலைகிறார்களாம்.

இக்குறையைப் பெருமூளை வாதம் என்பர். இங்கிலாந்து தேசத்து வில்லியம் லிட்டில் என்னும் வைத்யர் 1861-இலேயே கடினமான பிரசவத்தையும் இவ்வாதத்தையும் தொடர்புபடுத்திப் பேசினார். மனோதத்துவத்தில் பெயர் பெற்ற ஸிக்மண்ட் ப்ராய்ட் 1897-இல் அதை ஐயுற்று, கர்ப்பத்திலேயே ஏற்பட்ட குறைதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாமே என்று கேட்டார். இன்றைய வைத்யர்களும் பிரசவ நேர மூச்சுத் திணறலால் மட்டும் வருவது ஒரு சிறு பகுதியே என்கிறார்கள். குறைமாதப் பிறவி, மூளைக்கு ஏறிய கடும் மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று எனப் பல வாயில்கள் உண்டு.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், இத்தகைய வீடுகளில் முதலில் எழும் கேள்வி ‘யார் செய்தது’ என்பதாகவே இருக்கிறது. கிரஹணத்தன்று வெளியே வந்தாள், ஆகாததை உண்டாள், மாமியார் பேச்சைக் கேளாமல் நடந்தாள் என்று பழி கடைசியில் பெற்றவள் தலையிலேயே இறங்குகிறது. பூர்வ ஜன்ம கர்மா என்று சொல்லி அடியேனைப் போன்றவர்களும் அதற்குத் துணைபோவது உண்டு. கர்மாவின் போக்கு அறிதற்கரியது என்று கீதாசார்யனே அருளியிருக்க, இன்னாருடைய இன்ன கர்மாவால் இது விளைந்தது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்ஙனம் தெரிந்தது? ஸித்தாந்தம் நம் கர்மாவை நாம் விசாரிப்பதற்குத் தரப்பட்டது. பிறர் கர்மாவை வாசித்துக் காட்டுவதற்கு யாருக்கும் அதிகாரம் தரப்படவில்லை.

இனி, சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு வருவோம். பாடசாலையில் படித்த எவனுக்கும் முதலில் நினைவுக்கு வருவது மனு ஸ்ம்ருதியின் நாலாம் அத்யாயம். மனம் நோகும் மெய்யைத் தவிர்க்கும்படி அது கூறுகிறது. இதை எல்லோரும் அறிவர். அதே ச்லோகம் கேட்க இனிதாயுள்ள பொய்யையும் விலக்குகிறதே, அதை நினைவுகூர்வார் மிகச் சிலர். அடியேன் 1999-இல் சொன்னது இந்த இரண்டாவது வகை.

மறைப்பதற்கு இதைவிட வலுவான ப்ரமாணம் சரக ஸம்ஹிதையில் இருக்கிறது. மரணக்குறிகளை விவரிக்கும் இந்த்ரிய ஸ்தானத்தின் இறுதி அத்யாயத்தில், சாவு நெருங்கியதை வைத்யன் கண்டுகொண்டாலும் கேளாதபோது சொல்லலாகாது, சொல்வதால் நோயாளிக்கோ மற்றவருக்கோ கேடு விளையுமானால் கேட்டபோதும் சொல்லலாகாது என்ற கருத்து வருகிறது. இதைத்தான் அந்தப் பெரியவரின் பக்கம் நின்று ஒரு வாரம் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று புலப்பட்டது. அங்கே பேசப்படுவது மரணம். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லாத இடம். இக்குழந்தையோ பிழைத்திருக்கப் போகிறது. பாலூட்டும் முறை, மடியில் கிடத்தும் முறை, தலையைத் தாங்கும் முறை ஒவ்வொன்றையும் தாய் புதிதாகக் கற்றாக வேண்டும். சாகிறவனிடம் மறைத்தால் அவனுக்குச் சில நாள் நிம்மதி கிடைக்கலாம். வாழப்போகிற பிள்ளையின் தாயிடம் மறைத்தால் பிள்ளையின் மாதங்கள் அல்லவா களவு போகின்றன! சரகரைத் துணைக்கு அழைக்க இங்கே இடம் இல்லை.

பிறகு பரதனுடைய நிலை நினைவிற்கு வந்தது. சக்ரவர்த்தி பரமபதித்தார், பெருமாள் வனம் எழுந்தருளிவிட்டார். பரதனோ கேகய நாட்டில் பாட்டனார் மாளிகையில் இருக்கிறான். வஸிஷ்டர் தூதர்களை அனுப்பும்போது இவ்விரண்டு செய்திகளையும் அவனுக்குச் சொல்லவேண்டா என்று கட்டளையிடுகிறார். வஸிஷ்டரைவிட நல்லெண்ணம் உடையவர் யார்? பரதன் தீக்கனாக் கண்டு ஏற்கெனவே கலங்கியிருக்கிறான். தகப்பனார் நலமா, தாயார் நலமா, தமையனார் நலமா என்று ஒருவர் விடாமல் கேட்கிறான். யாருடைய நலத்தை வேண்டுகிறீரோ அவர்கள் நலமே என்பதாகத் தூதர்கள் நழுவி விடை சொல்கிறார்கள். ஏழு இரவுகள் வழியில் கழிகின்றன. அயோத்தியை நெருங்கும்போது ஓசை இல்லை, தோட்டங்களில் ஆள் இல்லை. சாரதியிடம் கேட்டுக்கொண்டே வருகிறான். தகப்பனார் மாளிகையில் அவரைக் காணாமல் தாயின் மாளிகைக்குப் போகிறான். அங்கே அவனுக்குச் செய்தி சொன்னவள் யார்? கைகேயி. ஏதோ நற்செய்தி சொல்வதுபோலச் சொல்கிறாள்.

நல்லவர்கள் மறைத்த செய்தி, யார் வாயிலிருந்து வரக்கூடாதோ அவர் வாயிலிருந்து வந்தது. வஸிஷ்டர் மறைத்ததற்கு ராஜ்ய காரணம் இருந்தது. ஒரு வீட்டில் தாயிடம் மறைப்பதற்கு அப்படிப்பட்ட காரணம் ஒன்றும் இல்லை. என்றேனும் ஒருநாள் குழாயடியிலோ கல்யாண வீட்டிலோ ஒருத்தி, “ஏன்டி, ஒன்பது மாசமாச்சு, இன்னும் உட்காரலையா?” என்று கேட்கத்தான் போகிறாள். அந்தப் பெண் அதை முதன்முதலில் அங்கேதான் கேட்க வேண்டுமா?

நம்மாழ்வாரைப் பற்றிப் பெரியவர் கேட்டதற்கு விடை காண்பதே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் அவதரித்த ஆழ்வார் அழவில்லை, பாலுண்ணவில்லை, கண் மலரவில்லை. பிறக்கும் பிள்ளைகளை அழச்செய்யும் சடம் என்னும் வாயுவைக் கோபித்து ஒதுக்கியதால் அவர் சடகோபர். பெருமாள் திருவடிநிலையாக அடியேன் அன்பர்கள் தலையில் ஸாதிக்கும் சடாரிக்கும் அவர் திருநாமமே. அழாத பிள்ளையின் தலையில் அதை வைக்கும்போது ஒரு பாட்டனார் மனத்தில் அந்த ஆசை எழுவது குற்றமாகாது. ஆனால் ஆழ்வாருடைய மௌனம் ஞானத்தால் வந்தது. மூச்சுத் திணறிய குழந்தையின் மௌனம் காயத்தால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் ஆழ்வாருக்கும் அபசாரம்; குழந்தைக்கும் அநீதி.

ஆயினும் அக்கதையில் அப்பெரியவருக்கு உரியது ஒன்று இருக்கிறதென்று தோன்றியது. பன்னிரண்டாம் நாள் பொலிந்து நின்ற பிரான் ஸந்நிதியில் குழந்தையைக் கிடத்தியபோது, இவன் ஆழ்வார் ஆவான் என்று காரியாருக்கு யாரும் சொல்லவில்லை. உலக இயல்பிற்கு மாறாக இருக்கிறான் என்பது மட்டுமே தெரியும். மாறன் என்றே திருநாமம் சாற்றினார்கள். பதினாறு ஆண்டுகள் திருப்புளியடியில் அந்தப் பிள்ளை பேசவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உடையநங்கையாரைக் கேட்டால் ஒரு வரியில் முடிந்திருக்குமா?

அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, “அப்ப நீங்க சொல்ல மாட்டீங்க” என்றார். “பொய் சொல்ல மாட்டேன் ஐயா. மெய் சொல்லும் இடத்திற்கு வேண்டுமானால் கூட வருகிறேன்” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் கழித்து ஆள் அனுப்பினார்.

மருத்துவ அம்மையார் எப்படிச் சொன்னார் என்பதை எழுதுவது பிறருக்கும் பயன்படும். தாழ்வாரத்தில் நின்றபடி சொல்லவில்லை. ஓர் அறையில் கதவைச் சாற்றிக்கொண்டு உட்கார்ந்து சொன்னார். தகப்பனையும் தாயையும் ஒன்றாக அழைத்தார். குழந்தையைத் தாயின் மடியிலேயே இருக்கச் செய்தார். கைப்பேசியை அணைத்தார். குழந்தையை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பிறகு அந்தப் பெயரையே சொல்லிப் பேசினார். செய்தியைச் சொல்வதற்கு முன், “உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்மா?” என்று தாயிடம் கேட்டார்.

அந்தப் பெண் தலை நிமிராமல் சொன்னாள்: “முதல் நாளே தெரியும் டாக்டர். யாரும் என் முகத்தைப் பார்க்கலை. அப்பாகூடப் பார்க்கலை.”

பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறைத்ததாக நினைத்திருந்தவர்கள் எதையும் மறைத்திருக்கவில்லை. இருபது நாளாக அவளைத் தனியாக விட்டிருந்தார்கள், அவ்வளவே.

அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. மூளையில் காயம் ஏற்பட்டிருக்கிறது, அது நீங்காது என்றார். அப்புறம் பேசாமல் இருந்தார். அவர் பேசியது பத்து நிமிஷம் இருக்கும். பேசாதிருந்தது அதைவிட அதிகம். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, “என்னை அடையாளம் தெரியுமா?” என்பது. காது சோதனை செய்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது, உங்கள் குரல் அவனுக்குத் தெரியும் என்றார். எப்போது நடப்பான் என்று தகப்பன் கேட்டதற்கு, “நடப்பானா என்பதே இப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் கொஞ்சம் தெரியும், இரண்டு வயதில் இன்னும் தெரியும். தெரியும்போதெல்லாம் சொல்வேன்” என்றார். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொள்வதும் மறைப்பில் ஒரு வகைதான். அவர் அதைச் செய்யவில்லை.

வைத்யம் அறியாதது உண்டு என்பதற்குப் பின்னாளில் அவரே ஓர் உதாரணம் சொன்னார். மூச்சுத் திணறிய சிசுவின் உடலை ஆறு மணி நேரத்திற்குள் 33, 34 பாகை அளவிற்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கும் முறை செல்வ நாடுகளில் நற்பலன் தந்தது. அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டபோது, இங்கே பலன் காணவில்லை, குளிர்வித்த சிசுக்களில் இறந்தவையே அதிகம் என்று தெரியவந்ததாம். ‘அங்கே கொண்டு போயிருந்தால்’, ‘இதைச் செய்திருந்தால்’ என்று தம்மையே வருத்திக்கொள்ளும் பெற்றோர் இதையும் அறிவது நல்லது.

பேச்சு முடியும் வேளையில் அந்தப் பெண் அடியேன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க சாமி. நடப்பானா?”

அறையில் எல்லோரும் அடியேனைப் பார்த்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு எளிதாக வந்த சொல் நாக்கின் நுனியில் நின்றது. “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். அவள் அழுதாள். பால் வற்றவில்லை, அன்று மாலையும் குழந்தை குடித்தான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுவரும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இரண்டாம் மாதமே சேர்த்தார்கள். இப்பயிற்சிக்கு அரசு மையமே அன்றி, தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் நடக்கும் அமர் சேவா சங்கம், சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாஸாகர் போன்ற நிலையங்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளுள் பெருமூளை வாதமும் ஒன்று. சான்றிதழ் பெற்றுக்கொள்வதில் வெட்கம் வேண்டா.

முப்பதாம் நாள் வரமுடியாமல் தொண்ணூறாம் நாள்தான் ஸந்நிதிக்கு வந்தார்கள். சடாரி ஸாதித்தேன். மார்கழிக் காலை, வெள்ளியின் குளிர்ச்சி நெற்றியில் பட்டதும் குழந்தை வீரிட்டு அழுதான். பெரியவர் அடியேனைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இப்போது பள்ளிக்குப் போகிறான். நடப்பதில்லை, சக்கர நாற்காலியில் வருகிறான். பேச்சு சிலருக்கே விளங்கும். நாகஸ்வரத்தில் மல்லாரி தொடங்கினால் வாய்விட்டுச் சிரிப்பான். இவ்வாண்டு கருட ஸேவைக்கும் வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். படியேற முடியாதவர்களுக்காக வடக்கு வாசலில் சரிவுப் பாதை போட்டிருக்கிறது. அன்று அங்கே செருப்புகளை விட்டுச் செல்லாதிருக்கும்படி அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தாயிடம், “பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று யாரும் கேட்க வேண்டா. அவனிடமே பேசலாம். பதில் வரச் சற்று நேரம் ஆகும்.